ரவுட்டரில் கதவைத் திறக்காமல் வெளியூர் கம்ப்யூட்டரின் ஃபைலை எடுப்பது எப்படி? 'ரிவர்ஸ் டனல்' என்றால் என்ன?

2021-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி. 'மை புக் லைவ்' என்ற நெட்வொர்க் ஹார்டு டிஸ்க்கை வீட்டில் வைத்திருந்த பலருக்கு, வெவ்வேறு நாடுகளில், ஒரே மாதிரி அதிர்ச்சி காத்திருந்தது. பல வருஷமா சேர்த்து வைத்த குடும்ப போட்டோ, வீடியோ, வேலை சம்பந்தமான ஆவணங்கள் எதையும் காணோம். ஃபோல்டர்கள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் டிஸ்க்கைத் தொடவே இல்லை. எங்கிருந்தோ ஒருவர் இணையம் வழியாக உள்ளே புகுந்து 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்துவிட்டார்.

தயாரிப்பு நிறுவனமான வெஸ்டர்ன் டிஜிட்டல் கொடுத்த முதல் அறிவுரை என்ன தெரியுமா? "உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள்" என்பதுதான். அந்த டிஸ்க்குக்குக் கடைசி மென்பொருள் அப்டேட் வந்தது 2015-ல். பாதிக்கப்பட்டவை எல்லாம் இணையத்தில் இருந்து நேரடியாகத் தொடக்கூடிய நிலையில் இருந்த டிஸ்க்குகள். சிலர் வெளியூரில் இருந்து ஃபைல் எடுக்க வசதியாக ரவுட்டரில் தாங்களே வழி திறந்து வைத்திருந்தார்கள். சிலருக்கு ரவுட்டரே கேட்காமல் திறந்து கொடுத்திருந்தது.

வெளியூரில் இருந்து நம்ம ஃபைலைப் பார்க்கணும்ங்கிற தேவை நியாயமானது. அதற்காக வாசல் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கணுமா என்பதுதான் கேள்வி. தேவையில்லை. அது எப்படி என்று பார்க்கலாம்.

ஏன் நேரடியாக இணைக்க முடியவில்லை?

உதாரணத்துக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். ஸ்டூடியோ திருநெல்வேலியில். ஆல்பம் டிசைன் செய்பவர் கோவையில், தன் வீட்டில். முகூர்த்த நாள் முடிந்தால் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் 40 ஜிபி போட்டோ வந்து விழும். டிசைனருக்கு அதில் 200 படம்தான் வேண்டும். எந்த 200 என்பது பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டூடியோவிலும் பிராட்பேண்ட் இருக்கு, கோவை வீட்டிலும் இருக்கு. அப்போ ஒன்றை ஒன்று கூப்பிட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல்.

பெரிய அபார்ட்மென்ட்டின் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே போனால் தடுக்க மாட்டார். உள்ளே இருப்பவர் சாப்பாடு ஆர்டர் பண்ணியிருந்தால் டெலிவரி தம்பியை விடுவார். கூப்பிடாமல் வரும் ஆளை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் ரவுட்டரில் இருக்கும் ஃபயர்வால் செய்வதும் அதேதான். உள்ளிருந்து தொடங்கிய இணைப்புக்குப் பதில் வந்தால் விடும். வெளியில் இருந்து தானாக வந்து கதவைத் தட்டினால் விடாது. ('நெருப்புச் சுவர்' என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நாளைக்கு ரவுட்டர் செட்டிங்கில் நீங்கள் தேடப்போவது ஃபயர்வால் என்ற சொல்லைத்தான்.)

இப்போது திருநெல்வேலியிலும் ஒரு வாட்ச்மேன், கோவையிலும் ஒரு வாட்ச்மேன். யார் யாரைக் கூப்பிட்டாலும் எதிர்ப்பக்க கேட்டில் நின்றுவிடும்.

இன்னொரு அடுக்கும் இருக்கு. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலக அளவில் பிரித்துக் கொடுக்கும் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ம் தேதியே தீர்ந்துவிட்டது. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஒரு தெருவுக்கே ஒரே கதவு எண் மாதிரி. உங்கள் ரவுட்டரின் 'வேன் ஐபி' என்ற இடத்தைப் பாருங்கள். அது 100.64-ல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்களும் அந்தத் தெருவாசிதான். அப்படி இருந்தால் ரவுட்டரில் வழி திறந்தாலும் பயன் இல்லை. அந்த வழிக்கு வெளி உலகத்தில் இருந்து யாரும் வந்து சேர முடியாது.

"ரவுட்டரில் போர்ட் ஓப்பன் பண்ணிடுங்க" - இதைக் கேட்கலாமா?

யூடியூபில் தேடினால் முதலில் வரும் யோசனை 'போர்ட் ஃபார்வர்டிங்'. ஸ்டேடிக் ஐபி வாங்குங்க, ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து விடுங்க, வேலை முடிஞ்சுது என்பார்கள். வேலை முடியும். அதோடு வேறு சிலவும் முடிந்துவிடும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய.

2017 மே 12-ம் தேதி உலகத்தையே உலுக்கிய 'வான்னாக்ரை' வைரஸ், விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் 445-ம் எண் போர்ட் வழியாகத்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதானது.

2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' வந்தது. தைவானின் க்யூநாப் நிறுவனத்தின் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளைக் குறிவைத்து ஃபைல்களைப் பூட்டி, லாகின் பக்கத்திலேயே மிரட்டல் செய்தியை ஒட்டியது. கேட்டது 0.03 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 1,100 டாலர். க்யூநாப் நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் சொன்னது: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், தானாக வழி திறக்கும் 'யூபிஎன்பி' வசதியையும் அணையுங்கள்.

"என் பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா இருக்கே" என்று நினைக்கலாம். இந்த மூன்று சம்பவத்திலும் பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் தப்பித்திருக்க முடியாது. மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகவே உள்ளே போனார்கள். "யாருக்கும் தெரியாத போர்ட் எண்ணாகப் போட்டுக்கறேன்" என்பதும் உதவாது. இணையத்தில் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடிப் பட்டியல் போட 2009-ல் இருந்தே 'ஷோடான்' என்று ஒரு தேடுபொறி இருக்கிறது. கூகுளில் நாம் சினிமா டைம் தேடுவது போல அங்கே திறந்த கதவுகளைத் தேடலாம்.

சரி, வேற வழி என்ன?

வாட்ச்மேன் விதியை மறுபடி பாருங்கள். உள்ளிருந்து வெளியே போவதை அவர் தடுப்பதில்லை. அப்போ இரண்டு பேரும் அவரவர் வீட்டில் இருந்து கிளம்பி, நடுவில் ஒரு டீக்கடையில் சந்தித்தால்?

ரிவர்ஸ் டனலின் அடிப்படை அவ்வளவுதான். டீக்கடையின் இடத்தில் இருப்பது வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன சர்வர், அதாவது 'விபிஎஸ்'. மாதம் சில நூறு ரூபாயில் கிடைக்கும். அதற்கென்று தனியாகப் பொது ஐபி முகவரி உண்டு. வாங்கும்போது மும்பை, பெங்களூரு மாதிரி பக்கத்தில் இருக்கும் டேட்டா சென்டராகப் பாருங்கள். அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் அங்கே போய் வரவே கால் நொடி ஆகும். ஒரு ஃபோல்டரைத் திறக்க இப்படிப் பல கேள்விகள் போய் வர வேண்டும்.

திருநெல்வேலி கம்ப்யூட்டர் அந்த சர்வரைத் தானே கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கும். கூடவே ஒரு தகவலும் சொல்லி வைக்கும்: "இங்கே 2222-ம் எண் கதவில் யாராவது வந்தால் இந்த இணைப்பு வழியாகவே என்கிட்ட அனுப்பிடு." கோவை லேப்டாப்பும் அதே சர்வருக்கு வெளியே வந்து அந்தக் கதவைத் தட்டும். உள்ளிருந்து போன இணைப்பின் வழியாகவே ஆள் திரும்பி உள்ளே வருவதால்தான் இதற்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். ஸ்டூடியோ ரவுட்டரில் ஒரு செட்டிங்கைக்கூட மாற்ற வேண்டாம். ஸ்டேடிக் ஐபியும் வேண்டாம்.

அந்த 2222 என்ற கதவு இணையத்தில் எல்லாருக்கும் தெரியுமா? தெரியாது. வழக்கமான அமைப்பில் அது சர்வருக்கு உள்ளே மட்டுமே திறக்கும். சர்வருக்குள் லாகின் செய்ய அனுமதி உள்ளவர்தான் அதைத் தொட முடியும். சில வழிகாட்டிகளில் 'கேட்வே போர்ட்ஸ்' என்ற செட்டிங்கை 'யெஸ்' என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் கதவு உலகத்துக்கே தெரியும்படி ஆகிவிடும். மாற்றாதீர்கள்.

எஸ்எஸ்ஹெச்: ஒரு பாஸ்வேர்டு திருட்டில் பிறந்த கருவி

இதையெல்லாம் செய்து தருவது 'எஸ்எஸ்ஹெச்' என்ற மென்பொருள். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அந்தக் காலத்தில் 'டெல்நெட்', 'எஃப்டிபி' போன்றவை பாஸ்வேர்டை அப்படியே, மறைக்காமல் அனுப்பும். கடுப்பான டாட்டு யுலோனென் என்ற ஆராய்ச்சியாளர் எல்லாவற்றையும் சங்கேதமாக்கி அனுப்பும் ஒரு கருவியை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் இருந்தன. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அந்த எண் இன்றைக்கும் மாறவில்லை.

இன்று லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் எஸ்எஸ்ஹெச் கூடவே வரும். விண்டோஸ் 10-ல் 2018 முதல் உள்ளேயே இருக்கிறது. கூப்பிடுவதற்கான பகுதி தயாராக இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்லும் சர்வர் பகுதியை மட்டும் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய்ச் சேர்க்க வேண்டும்.

மவுண்ட் என்றால்?

மவுண்ட் ரோடு மவுண்ட் கிடையாது. தூரத்தில் இருக்கும் ஒரு ஃபோல்டரை நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் டிரைவ் மாதிரி காட்ட வைப்பதற்குப் பெயர் மவுண்ட் செய்தல். பென்டிரைவ் செருகினால் புது டிரைவ் ஒன்று வருகிறதல்லவா, அது மாதிரி. பென்டிரைவ் மட்டும் திருநெல்வேலியில் இருக்கும்.

எஸ்எஸ்ஹெச் வழியாக இதைச் செய்யும் கருவி 'எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்'. ஹங்கேரிக்காரரான மிக்லோஷ் செரெடி எழுதியது. அதற்கு அடித்தளமாக அவர் உருவாக்கிய 'ஃபியூஸ்' என்ற பகுதி 2005-ல் லினக்ஸ் கர்னலிலேயே சேர்க்கப்பட்டது. விண்டோஸில் இதற்கு 'வின்எஃப்எஸ்பி', 'எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்-வின்' என்ற இரண்டையும் போட வேண்டும். மேக்கில் 'மேக்ஃபியூஸ்'. 'ஆர்குளோன்' என்ற கருவியும் இதே வேலையைச் செய்யும்.

எதிர்ப்பக்கத்தில் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம் என்பது இதில் பெரிய சவுகரியம். அங்கே எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடினால் போதும்.

டீக்கடைக்காரர் கடிதத்தைப் படிப்பாரா?

நியாயமான சந்தேகம். நடுவில் இருக்கும் சர்வர் யாரோ ஒரு நிறுவனத்துடையது. அதன் வழியாக ஒரு குடும்பத்தின் கல்யாண போட்டோ மொத்தமும் போகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கோவையில் இருப்பவர் முதலில் சர்வருக்குள் லாகின் செய்து, அங்கே உட்கார்ந்து திருநெல்வேலிக்கு இன்னொரு லாகின் செய்தால், தகவல் சர்வரில் ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடி பூட்டப்படும். சர்வரை யாராவது கைப்பற்றியிருந்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம். அதற்குப் பதிலாக 'புராக்ஸி ஜம்ப்' என்ற வழியைப் பயன்படுத்த வேண்டும். எஸ்எஸ்ஹெச் கட்டளையில் 'மைனஸ் கேப்பிட்டல் ஜே' என்று வருவது இதுதான். அப்போது பூட்டுவது கோவையில், திறப்பது திருநெல்வேலியில். நடுவில் இருக்கும் சர்வர் ஒட்டின கவரை வாங்கிக் கொடுக்கும் ஆள் மட்டுமே.

ஸ்டூடியோ பக்கத்தில் டனலைத் திறக்கும் ஆப்ஷன் 'மைனஸ் கேப்பிட்டல் ஆர்'. ஆக, செட்டப் மொத்தமும் சுருக்கமாக: ஸ்டூடியோவில் கேப்பிட்டல் ஆர், டிசைனர் லேப்டாப்பில் கேப்பிட்டல் ஜே வழியாக எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்.

முதல் முறை இணைக்கும்போது திரையில் ஒரு நீளமான கைரேகை எழுத்து வரும். "இந்தக் கம்ப்யூட்டர் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை, தொடரலாமா?" என்று கேட்கும். முக்கால்வாசிப் பேர் படிக்காமல் 'யெஸ்' தட்டிவிடுவார்கள். அந்த ஒரு கேள்விதான், நீங்கள் பேசுவது உண்மையில் உங்கள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரோடுதானா என்பதற்கான காவல். ஸ்டூடியோவில் இருப்பவரிடம் போன் போட்டு, அவர் திரையில் உள்ள கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 'யெஸ்' கொடுங்கள். இன்னொரு நாள் திடீரென "கைரேகை மாறியிருக்கிறது" என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியும் வரை ஒரு எழுத்துகூட டைப் செய்யாதீர்கள். அங்கே விண்டோஸ் மறுபடி இன்ஸ்டால் செய்திருந்தாலும் இப்படி வரும். நடுவில் யாராவது நுழைந்திருந்தாலும் இப்படித்தான் வரும்.

பூட்டு, சாவி

சர்வரின் 22-ம் எண் போர்ட் இணையத்தைப் பார்த்துத் திறந்துதான் இருக்கும். சர்வர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தெரியாத முகவரிகளில் இருந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் முயற்சிகள் லாகில் வரிசையாக வரத் தொடங்கும். பயப்பட வேண்டாம். பாஸ்வேர்டு லாகினையே மொத்தமாக நிறுத்திவிட்டு, சாவி ஃபைல் வைத்து மட்டும் நுழையும்படி செய்துவிடுங்கள். 'இடி25519' வகைச் சாவி இப்போதைக்கு நல்ல தேர்வு. லேப்டாப்பில் இருக்கும் சாவிக்கு ஒரு பாஸ்பிரேஸும் போடுங்கள். லேப்டாப் தொலைந்தால் சாவியும் சேர்ந்து தொலையும் அல்லவா.

ஸ்டூடியோ கம்ப்யூட்டர் சர்வரைக் கூப்பிடும் சாவி வேறு மாதிரி. அது இரவு பகலாக யாரும் இல்லாமல் தானே இயங்க வேண்டும் என்பதால் அதில் பாஸ்பிரேஸ் இருக்காது. அதனால் அதன் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும். அந்தச் சாவியால் குறிப்பிட்ட ஒரு டனலைத் திறக்க மட்டும் முடியும், சர்வரில் வேறு எந்தக் கட்டளையும் கொடுக்க முடியாது என்று சர்வரிலேயே ஒரே வரியில் கட்டுப்படுத்தலாம். அதேபோல டிசைனருக்கு ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் தனி யூசர் உருவாக்கி, 'கல்யாண போட்டோ' ஃபோல்டரைத் தாண்டி அவர் எங்கும் போக முடியாதபடி பூட்டலாம். ஜிஎஸ்டி கணக்கு அவருக்கு எதுக்கு?

பலரும் கவனிக்காத ஆபத்து இதுதான்

டனல் பாதுகாப்பானது. வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் மவுண்ட் செய்த டிரைவ், லேப்டாப்பைப் பொறுத்தவரை சாதாரண டிரைவ். கோவை லேப்டாப்பில் யாராவது கிராக் சாஃப்ட்வேர் போட்டு ரான்சம்வேர் உள்ளே வந்தால், அது சி டிரைவ், டி டிரைவ் என்று பூட்டிக்கொண்டே வந்து இந்த டிரைவையும் பூட்டும். திருநெல்வேலியில் இருக்கும் ஒரிஜினல் போட்டோக்கள், அந்தப் பாதுகாப்பான டனல் வழியாகவே, ஒவ்வொன்றாக அழியும். சங்கேதம் இதைத் தடுக்காது. திருடன் சாவியோடு வந்துவிட்ட பிறகு கதவு எவ்வளவு கனமாக இருந்து என்ன?

கல்யாணத்தை மறுபடி நடத்தி போட்டோ எடுக்க முடியாது. அதனால் ஒரிஜினல் இருக்கும் ஃபோல்டரை 'ரீட் ஒன்லி'யாக மட்டும் கொடுங்கள். இதை ஸ்டூடியோ பக்கத்தில் செய்ய வேண்டும். லேப்டாப் பக்கத்தில் மட்டும் செய்தால் லேப்டாப்பைக் கைப்பற்றியவர் அதை மாற்றிவிடுவார். டிசைன் முடிந்த ஆல்பத்தை வைக்க, எழுத அனுமதி உள்ள இன்னொரு ஃபோல்டர் போதும். வேலை முடிந்ததும் டிரைவை அன்மவுண்ட் செய்துவிடுங்கள். ஒரு பிரதியை எந்த நெட்வொர்க்கிலும் இல்லாத ஹார்டு டிஸ்க்கில் எடுத்து அலமாரியில் வையுங்கள்.

வேகம் எப்படி இருக்கும்?

இங்கே கணக்குப் போட வேண்டியது ஸ்டூடியோவின் அப்லோடு வேகத்தை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம், ஏமாற வேண்டாம். 25 எம்பி அளவுள்ள ஒரு ரா போட்டோ, 20 எம்பிபிஎஸ் அப்லோடில் வந்து சேர 10 நொடி ஆகும். 200 படத்துக்குச் சுமார் 33 நிமிடம். 40 ஜிபி முழுவதையும் இழுத்தால் நாலரை மணி நேரத்துக்குப் பக்கத்தில். தேர்ந்தெடுத்து எடுக்க மவுண்ட் நல்லது, மொத்தமாக எடுக்க இது சரிப்பட்டு வராது. ஃபோல்டரைத் திறந்ததும் எல்லாப் படத்துக்கும் சிறுபடம் உருவாக்கும் வசதியை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒன்றைப் பார்ப்பதற்குள் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இழுக்கத் தொடங்கும். தேர்வு செய்வதற்கென்று ஸ்டூடியோவிலேயே சின்ன சைஸ் பிரதிகளை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால் இன்னும் சுலபம்.

இணைப்பு சும்மா இருந்தால் சில ரவுட்டர்கள் அதைத் துண்டித்துவிடும். 30 நொடிக்கு ஒருமுறை "இருக்கியா?" என்று கேட்டுக்கொள்ளும் 'சர்வர் அலைவ்' செட்டிங்கைப் போட வேண்டும். கரண்ட் போய் வந்தால் டனலைத் தானாக மறுபடி திறக்க 'ஆட்டோ எஸ்எஸ்ஹெச்' மாதிரி ஒரு கருவி தேவை. இதைச் செய்யாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூடியோ பூட்டியிருக்கும்போதுதான் கனெக்‌ஷன் போகும்.

இவ்வளவும் கஷ்டமா இருக்கே!

உண்மைதான். உங்கள் தேவை 15 ஜிபிக்குள் என்றால் கூகுள் டிரைவே போதும், இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். அதைவிடப் பெரிது, ஆனால் சர்வர் வாடகைக்கு எடுத்துக் கட்டளைகள் அடிக்கப் பொறுமை இல்லை என்றால் 'டெயில்ஸ்கேல்', 'ஜீரோடயர்' போன்ற சேவைகளைப் பார்க்கலாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் செயலியைப் போட்டு ஒரே கணக்கில் லாகின் செய்தால், இரண்டும் ஒரே ரூமில் இருப்பது போல ஆகிவிடும். டெயில்ஸ்கேலுக்கு உள்ளே இருப்பது 2020 மார்ச்சில் லினக்ஸ் கர்னலில் இடம்பெற்ற 'வயர்கார்டு' தொழில்நுட்பம். இரண்டு பக்க வாட்ச்மேனும் ஒரே நேரத்தில் "இது நம்ம ஆள் கூப்பிட்ட பதில்தான்" என்று நினைக்கும்படி செய்து நேரடி வழி போடும். அது முடியாதபோது நடுவில் ஒரு சர்வர் வழியாக, பூட்டிய கவராகவே கொண்டுபோகும். இங்கே மொத்தப் பாதுகாப்பும் அந்த ஒரு லாகினில் தொங்குகிறது என்பதால், அந்த மெயில் கணக்குக்கு 'டூ ஸ்டெப்' சரிபார்ப்பு கட்டாயம். தனிப்பட்ட முறையில் கேட்டால், கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத கடைகளுக்கு இதுவே நல்லது. அரைகுறையாக அமைத்த எஸ்எஸ்ஹெச் சர்வரைவிட முழுசாக அமைத்த டெயில்ஸ்கேல் மேல்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதைச் செய்யலாமா?

அனுமதி இல்லாமல் செய்யவே கூடாது. நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஃபயர்வால், அந்த நிறுவனம் எடுத்த முடிவு. உள்ளே இருந்து ரகசியமாக ஒரு ரிவர்ஸ் டனல் போட்டால், மொத்த நெட்வொர்க்குக்கும் பின்வாசல் வைத்த மாதிரி. ஊடுருவும் ஹேக்கர்கள் உள்ளே நிலைகொள்ளப் பயன்படுத்துவதும் இதே உத்திதான் என்பதால், ஐடி பிரிவு கண்டுபிடித்தால் உங்களையும் அந்த வரிசையில்தான் பார்ப்பார்கள். வேலை போவது ஒருபக்கம். உரிமையாளர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ம் பிரிவில் வரும். மோசடி நோக்கம் இருந்தால் 66-ம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகும். வீட்டிலிருந்து ஆபீஸ் ஃபைல் வேண்டும் என்றால் ஐடி பிரிவில் விபிஎன் கேளுங்கள்.

வீட்டில், கடையில் ஏற்கெனவே யாராவது வழி திறந்து வைத்திருக்கிறார்களா என்பதை இன்றே பார்த்துவிடலாம். ரவுட்டர் பக்கத்தில் லாகின் செய்து 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பகுதியைத் திறங்கள். முன்னாடி சிசிடிவி மாட்ட வந்தவர் போனில் கேமரா தெரிவதற்காக ஏதாவது திறந்து வைத்திருந்தால் அங்கே பட்டியலில் இருக்கும். பக்கத்திலேயே 'யூபிஎன்பி' ஆன் என்று இருந்தால் ஆஃப் செய்துவிட்டு, எது எது வேலை செய்யாமல் போகிறது என்று ஒரு நாள் பாருங்கள்.